வேப்பிலைக்கட்டி பிஸ்கட், பானகம் பிஸ்கட்... ஓவன்ல மணம் நிக்குமா?

திருச்சி_கௌரி

எல்லாருக்கும் வணக்கம். தீபாவளிக்கு இந்த வாட்டி முறுக்கு அதிரசத்தோட வீட்லயே பிஸ்கட் பண்ணி ஒரு டப்பா சேர்த்துக் குடுக்கலாம்னு இருக்கேன். சாக்லேட் சிப், ரெட் வெல்வெட் எல்லாம் தெருவுக்குத் தெரு கிடைக்குது, நாத்தனார் பசங்க அதைத் திரும்பிக்கூட பாக்க மாட்டேங்குறாங்க, அதான் நம்ம வீட்டு ருசில ஏதாவது புதுசா பண்ணலாம்னு ஒரு லிஸ்ட் போட்டு வெச்சிருக்கேன்: வேப்பிலைக்கட்டி (எலுமிச்சை, நார்த்தை இலையைக் காய வெச்சு இடிச்ச பொடி), கறிவேப்பிலை மிளகு, மோர்மிளகாய், பானகம், நன்னாரி, ஃபில்டர் காபி. லிஸ்டைப் பாத்துட்டு மாமியார், இது பிஸ்கட்டா கஷாயமான்னு கேட்டுட்டுப் போய்ட்டாங்க.

சாதா வெண்ணெய் பிஸ்கட், நெய் நானகத்தா எல்லாம் எனக்கு நல்லாவே வரும், ஓடிஜி (சின்ன கரண்ட் ஓவன்) இருக்கு. என் பிரச்சனை மணம்தான். போன மாசம் ஒரு கடையில கறிவேப்பிலை குக்கீஸ்னு வாங்கினேன், பச்சைப் பச்சையா புள்ளி தெரியுதே ஒழிய கண்ணை மூடிக்கிட்டு தின்னா என்ன பிஸ்கட்டுன்னே சொல்ல முடியாது. யூடியூப்ல பாத்தா எல்லாரும் இலையைப் பச்சையா பொடியா நறுக்கி மாவுல போட்டுடுங்கன்னுதான் சொல்றாங்க. எஸென்ஸ் ஊத்த எனக்கு இஷ்டம் இல்ல. இதுல எதெல்லாம் ஓவன் சூட்டைத் தாங்கும், எதெல்லாம் வீண் வேலை? அப்புறம் பானகத்துக்கு கருப்பட்டி போட்டா பிஸ்கட் தட்டு முழுக்க பரவிடும்னு சொல்றாங்களே, அதுக்கு என்ன பண்றது? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

அடுப்பங்கரை_அகிலா

கௌரி, லிஸ்ட் சூப்பர். காபியைத் தவிர ஒண்ணையும் நான் கடையில பாத்ததில்ல.

பச்சை இலையை அப்படியே மாவுல போடுறது வீண் வேலைதான். இலைல இருக்கிற மணம் எல்லாம் எண்ணெய்ச் சத்து, சூடு பட்டா பறக்கும், கொழுப்புல கரைஞ்சா தங்கும். தாளிக்கும்போது நாம என்ன பண்றோம், முதல்ல எண்ணெய்ல போட்டு பொரிய விடுறோம்ல? பிஸ்கட்டுக்கும் அதையே பண்ணணும், எண்ணெய்க்கு பதிலா வெண்ணெய். 120 கிராம் உப்பில்லாத வெண்ணெயை அடி கனமான பாத்திரத்துல உருக்கி, ரெண்டு கைப்பிடி கறிவேப்பிலையை ஈரம் சுத்தமா துடைச்சுட்டு அதுல போட்டு, சிம்முலயே வெச்சு சலசலப்பு அடங்குற வரைக்கும் விடுங்க. இலை மொறுமொறுன்னு ஆனதும் வடிகட்டி இலையைத் தனியா எடுத்துடுங்க. வெண்ணெய் மறுபடி கெட்டியாகி, விரல் வெச்சா அமுங்குற பதத்துக்கு வரணும், அதுவரைக்கும் ஃப்ரிட்ஜ்ல வைங்க. பொரிஞ்ச இலையை உப்பு, மிளகோட கையால நொறுக்கி கடைசியா மாவுல சேருங்க. இப்ப வெண்ணெய் பூராவும் கறிவேப்பிலைதான், கண்ணை மூடினாலும் தெரியும்.

ஆனா ஒண்ணு கவனிங்க. வெண்ணெய்ல நூத்துக்கு 16 பங்கு கிட்ட தண்ணி இருக்கும், உருக்கும்போது அது போயிடுது. அதனாலதான் 120 எடுத்தா கையில 100தான் மிஞ்சும். போன தண்ணிக்கு பதிலா ஒரு டேபிள்ஸ்பூன் கெட்டித் தயிர் சேர்த்தா மாவு உதிராம சேரும், காரப் பிஸ்கட்டுக்கு அந்தப் புளிப்பு வேற நல்லா இருக்கும்.

அளவு நான் வெச்சிருக்கிறது இதுதான்: வெண்ணெய் 100 கிராம், மைதா 150 கிராம், இனிப்புப் பிஸ்கட்டுன்னா பொடிச்ச சர்க்கரை 60 கிராம், காரத்துக்கு சர்க்கரை 15 கிராம் போதும், ஆனா அந்த 15ஐ விட்டுடாதீங்க, சர்க்கரை சுத்தமா இல்லன்னா பிஸ்கட் நிறமும் வராது, காரமும் மொட்டையா நாக்குல நிக்கும். மாவைப் போட்ட பிறகு பிசையவே கூடாது, விரல் நுனியால சேர்த்து உருட்டினா போதும், சப்பாத்திக்கு பிசையுற மாதிரி பிசைஞ்சா கல்லு மாதிரி ஆயிடும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ், அப்புறம் அரை சென்டிமீட்டர் கனத்துல வெட்டி, முன்னாடியே சூடு பண்ணின ஓடிஜில 170 டிகிரில 15லருந்து 18 நிமிஷம்.

வேப்பிலைக்கட்டிக்கு உருக்குற வேலையே இல்ல, அது ஏற்கனவே காய வெச்சு இடிச்சதுதானே. 150 கிராம் மாவுக்கு ரெண்டு டீஸ்பூன் எடுத்து முதல்ல வெண்ணெய்ல குழைச்சு பத்து நிமிஷம் வெச்சுட்டு அப்புறம் மத்ததைச் சேருங்க. அதுலயே உப்பு, மிளகாய், பெருங்காயம் எல்லாம் இருக்கு, தனியா உப்பு போடாதீங்க. எலுமிச்சை சாறு பிழியணும்னு தோணும், பிழியாதீங்க, சாறு வெறும் தண்ணியும் புளிப்பும்தான், மணம் தோல்ல இருக்கு. தோலோட மேல் பச்சையை மட்டும் துருவிப் போடுங்க, உள்ள இருக்கிற வெள்ளை வந்தா கசக்கும்.

நீங்க போட்டதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது நன்னாரிதான். சர்பத்தை மட்டும் மாவுல ஊத்திடாதீங்க, அது சர்க்கரைத் தண்ணி, பிஸ்கட் பரவி நமுத்துப்போகும். நாட்டு மருந்துக் கடையில வேர் வாங்கி, கழுவி நல்லா காய வெச்சு, தட்டினா நடுவுல வெள்ளையா ஒரு நரம்பு வரும், அதை எடுத்து எறிஞ்சுட்டு மேல் பட்டையை மட்டும் சர்க்கரையோட மிக்ஸில பொடிச்சு மெல்லிசா சலிச்சுக்கோங்க. நன்னாரி மணத்துக்குக் காரணமான பொருளும் வெனிலாவுல இருக்கிற வெனிலினும் ஒரே அணுக்கணக்கு, அடுக்கு மட்டும்தான் வேற, ஒண்ணுவிட்ட அக்கா தங்கச்சின்னு வெச்சுக்கோங்களேன். அதனால வெனிலா எங்கெல்லாம் ஒத்துப்போகுமோ அங்கெல்லாம் நன்னாரியும் போகும், வெண்ணெய்க்கும் அதுக்கும் அப்படி ஒரு பொருத்தம். இவ்ளோ நாளா ஏன் எந்த பேக்கரிக்காரருக்கும் இது தோணலன்னு எனக்குப் புரியவே இல்ல.

சும்மா_சுரேஷ்

வேப்பிலைக்கட்டி, நன்னாரி, சுக்கு, ஓமம்... மேடம் இதை பேக்கரி ரேக்குல வெக்காதீங்க, நாட்டு மருந்துக் கடைல சாப்பாட்டுக்குப் பின் ரெண்டுன்னு எழுதி வித்துடுங்க. மோர்மிளகாய் பிஸ்கட் மட்டும் எனக்கு ஒரு டப்பா பார்சல், தயிர் சாதத்துக்கு தொட்டுக்க ஆகும்.

பழைய_பேக்கரிக்காரன்

தங்கச்சி, மேல அகிலாம்மா சொன்னது எல்லாம் சரிதான், கொஞ்சம் நம்ம தொழில் பக்கத்துல இருந்தும் சொல்றேன். நான் மதுரைப் பக்கம் பேக்கரி மாஸ்டரா இருந்தவன், இப்ப வீட்டோட இருக்கேன்.

காரப் பிஸ்கட் ஒண்ணும் புதுசு கிடையாது. பெங்களூர்ல ஐயங்கார் பேக்கரின்னு இருக்கு பாருங்க, ஹாசன் பக்கத்துக் கிராமங்கள்ல இருந்து வந்த ஐயங்கார்கள் ஆரம்பிச்சது, அங்க காரா பிஸ்கட்னு ஒண்ணு விப்பாங்க, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, தயிர் எல்லாம் போட்டு. அவங்க இலையைப் பச்சையாத்தான் போடுவாங்க, ஆனா அதுல பச்சைமிளகாயும் இஞ்சியும் உப்பும் தூக்கலா இருக்கிறதால இலை மணம் குறைஞ்சது தெரியாது. நீங்க கறிவேப்பிலையையே கதாநாயகனா வெக்கிறதா இருந்தா பொரிச்சுப் போடுறதுதான் சரி.

கடையில அந்தக் கடக்முடக் எப்படி வருதுன்னு நிறைய பேர் கேப்பாங்க. பேக்கரில அம்மோனியான்னு ஒரு பொடி போடுவோம், அம்மோனியம் பைகார்பனேட். சூடு பட்டதும் பூராவும் வாயுவா மாறி வெளிய போயிடும், அதனால பிஸ்கட் லேசா மொறுமொறுன்னு நிக்கும். ஓவனைத் திறந்தா மூக்கைத் துளைக்கிற நாத்தம் வரும், பயப்பட வேணாம், மெல்லிசு பிஸ்கட்ல ஒண்ணும் தங்காது. கேக்குக்கு மட்டும் போடக்கூடாது, கனமா இருக்கிறதுல உள்ளயே மாட்டிக்கும். வீட்ல பண்ற அளவுக்கு அது வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன், சமையல்கட்டு முழுக்க நாறும், உங்க மாமியார் அப்புறம் கஷாயம்னு மட்டும் சொல்ல மாட்டாங்க. அதுக்கு பதிலா 150 மைதால 25 கிராம் எடுத்துட்டு அந்த இடத்துல பச்சரிசி மாவு போடுங்க, அதே கடக் வந்துடும். சோடா உப்பு சிட்டிகைக்கு மேல போனா சோப்பு ருசி அடிக்கும், நல்ல மணத்தை எல்லாம் அது ஒண்ணே கெடுத்துடும்.

இப்ப கருப்பட்டி. பரவுறதுக்குக் காரணம் கருப்பட்டி மட்டும் இல்ல, அதைப் பாகு காச்சி ஊத்துறாங்க பாருங்க, அந்தத் தண்ணி. தட்டிப் பொடிச்சு, மிக்ஸில ஓட்டி, மாவு சலிக்கிற சல்லடையில சலிச்சுப் போடுங்க, மண்ணு கல்லு இருந்தாலும் சல்லடையில நின்னுடும். கையில ஒட்டுற மாதிரி ஈரமா இருக்கிற கருப்பட்டி வேணாம், உடன்குடிக் கருப்பட்டி மாதிரி தட்டினா டொக்குன்னு உடையுறதா பாத்து வாங்குங்க. 60 கிராமும் கருப்பட்டியா போடாம 40 கருப்பட்டி 20 சர்க்கரைன்னு போட்டா மொறுமொறுப்பு நிக்கும். வெட்டின பிறகும் தட்டோட ஒரு பத்து நிமிஷம் குளிர வெச்சுட்டு ஓவன்ல தள்ளுங்க. சூடும் 160க்கு மேல வேணாம், அது சீக்கிரம் கருகும், நிறத்தைப் பாத்து எடுக்கவும் முடியாது, ஏன்னா மாவே பழுப்பு. ஓரத்தை விரலால லேசா தள்ளிப் பாருங்க, தட்டுல இருந்து நகர்ந்தா எடுத்துடலாம். நடு மெத்துன்னு இருக்கும், ஆறினா இறுகிடும். வெந்துச்சா வேகலையான்னு சந்தேகப்பட்டு இன்னும் அஞ்சு நிமிஷம்னு விட்டீங்கன்னா போச்சு.

எந்தப் புது மாவா இருந்தாலும் நாங்க முதல்ல ஒரே ஒரு பிஸ்கட்டைத் தட்டுல வெச்சு ஓட்டிப் பாப்போம். பரவினா மீதி மாவுல ரெண்டு ஸ்பூன் மைதா, உதிர்ந்தா ஒரு ஸ்பூன் பால். மொத்தத்தையும் அடுக்கி உள்ள தள்ளிட்டு சாமி கும்பிடுறதுக்கு இது மேல்.

ஸ்ரீரங்கத்து_ராஜி

கௌரி நீங்க நம்மூர்க்காரங்களா, சந்தோஷம். வேப்பிலைக்கட்டி கடையில வாங்குறதா இருந்தா ஓமம் போட்டதா பாத்து வாங்குங்கோ. எலுமிச்சை இலை நார்த்தை இலையோட வாசனை கொஞ்சம் சூட்டுல போனாலும் ஓமம் அசையாது, வெண்ணெயோட சேர்ந்தா நன்னாவே எடுத்துக் குடுக்கும். சிலர் புளி வெச்சு இடிப்பா, அது ஈரமா உருண்டையா இருக்கும், பிஸ்கட்டுக்கு சரிப்படாது, பொடியா இருக்கிறதுதான் வேணும்.

பானகத்துக்கு ஒரு எச்சரிக்கை. ராமநவமிப் பானகத்துல சில ஆத்துல பச்சைக் கற்பூரம் போடுவோம், நீங்களும் அதை நெனச்சு வெச்சிருப்பேள். அதை மாவுல போட்டு ஓவன்ல வெச்சா பாதிக்கு மேல காத்துல போயிடும், ஆத்துக்குள்ள மட்டும் பெருமாள் கோயில் வாசனை வரும், பிஸ்கட்ல இருக்காது. அதுக்காக கூடப் போடுறேன்னு ஆரம்பிச்சுடாதீங்கோ, கற்பூரம் அளவு மிஞ்சினா விஷம், குழந்தைகளுக்கு ரொம்பவே ஆபத்து, ஃபிட்ஸ் வரைக்கும் போயிடும். பூஜைக் கற்பூரத்தைத் தொடவே கூடாது. குழந்தைகள் சாப்பிடப்போற டப்பான்னா நான் விட்டுடுவேன். பெரியவாளுக்குத் தனியா பண்றதா இருந்தா ஒரு கப் பொடிச்ச சர்க்கரைக்கு கடுகளவு நுணுக்கிக் கலந்து மூடி வெச்சு, ஆறின பிஸ்கட் மேல லேசா தூவினா போதும். சுக்கு ஏலக்காய் ரெண்டும் மாவுலயே போகட்டும், சுக்கு ஒரு டீஸ்பூன், ஏலக்காய் முக்கால், மிளகு ரெண்டு விரல்ல எடுக்கிற அளவு. ஏலக்காயை அப்பப்போ உரிச்சுப் பொடிச்சுக்கோங்கோ, பழைய பொடி வேஸ்ட்.

சிறுதானிய_செல்வி

எல்லாம் சரி, இவ்ளோ நல்ல மூலிகைப் பொருள் எல்லாம் தேடித்தேடிப் போட்டுட்டு கடைசில மைதாலயா பண்றது?? கேழ்வரகு, தினை, கம்பு எல்லாம் எதுக்கு இருக்கு, கருப்பட்டிக்கும் கேழ்வரகுக்கும் இருக்கிற பொருத்தம் மைதாக்கு வருமா. நான் எல்லா பிஸ்கட்டும் முழுக்க கேழ்வரகுலதான் பண்றேன், பசங்க கேட்டு வாங்கி சாப்பிடுறாங்க.

அடுப்பங்கரை_அகிலா

செல்வி, கேழ்வரகு பிஸ்கட் எனக்கும் பிடிக்கும், கருப்பட்டியோட பொருத்தம்னு சொன்னதையும் ஒத்துக்கறேன். ஆனா அதுல குளூட்டன் கிடையாது, பிடிச்சு வெக்க ஆள் இல்ல, டப்பால அடுக்கி பஸ்ல எடுத்துட்டுப்போய் நாத்தனார் கையில குடுக்கும்போது சத்துமாவா இருக்கும். பாதி கேழ்வரகு பாதி கோதுமை போட்டா தாங்கும். கேழ்வரகு மாவை வாசம் வர்ற வரைக்கும் வறுத்து ஆற வெச்சுட்டு சேருங்க, இல்லன்னா பச்சை வாடை போகாது.

ஆனா நன்னாரிக்கும் காபிக்கும் கேழ்வரகு வேண்டவே வேண்டாம், அதுக்கே தனி மணம் இருக்கு, அது எல்லாத்தையும் அமுக்கிடும். அதுக்கெல்லாம் மைதாதான். அப்புறம் பிஸ்கட்ல பாதிக்கு கிட்ட வெண்ணெயும் சர்க்கரையும்தான், மைதாவை மாத்திட்டா அது சத்துணவு ஆயிடாது. தீபாவளிக்கு நாலு பிஸ்கட் தின்னா தின்னுட்டுப் போகட்டும்.

சிறுதானிய_செல்வி

நான் சத்துணவுன்னு சொல்லலையே, ருசியைத்தான் சொன்னேன் 😀 கோதுமை பாதி சரி, ஒத்துக்கறேன். ஆனா தினை மாவு நன்னாரியை அமுக்காது, அதை ஒரு தடவை போட்டுப் பாத்துட்டு சொல்லுங்க.

ஸ்காபரோ_சாந்தி

வணக்கம் கௌரி, நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில இருக்கிறன். உங்கட லிஸ்ட்டைப் பாக்க ஊர் ஞாபகம் வந்திட்டுது. எங்கட பக்கத்துச் சாமான் ஒண்டும் சொல்லலாமோ? புழுக்கொடியல் மா. பனங்கிழங்கை அவிச்சுக் காயவைச்சு இடிக்கிற மா, நீங்களும் பனங்கிழங்கு மா எண்டு சில இடங்களில விக்கிறதைப் பாத்திருப்பீங்கள். ஒடியல் மாவை மாறி வாங்கிப்போடாதேங்கோ, அது அவிக்காமல் காயவைச்ச கிழங்கு, கூழுக்கும் பிட்டுக்கும் போடுறது, தண்ணியில ஊறவைச்சு கசப்பை எடுக்காமல் போட்டா ஒருத்தரும் வாயில வைக்க ஏலாது. புழுக்கொடியல் மாவை நாங்கள் சின்னனில தேங்காய்ப்பூவும் (துருவின தேங்காய்) சீனியும் போட்டுச் சும்மாவே குழைச்சுச் சாப்பிடுறனாங்கள், அவ்வளவு வாசம்.

பிஸ்கட்டுக்கு கோதுமை மா (உங்கட மைதா) மூண்டு பங்கு, புழுக்கொடியல் மா ஒரு பங்கு, சீனிக்குப் பதிலா பனங்கட்டி (உங்கட கருப்பட்டி), கொஞ்சம் வறுத்த தேங்காய்ப்பூ. தேங்காய்ப்பூவைப் பொன்னிறமா வறுத்து ஈரம் போனாப்பிறகுதான் போடவேணும். கறுவா (பட்டை) ஒரு சொட்டு போடலாம், எனக்கெண்டா அதுகூடத் தேவையில்லை, பனை வாசம் போதும். இஞ்ச என்ர மகளின்ர வெள்ளைக்காரச் சிநேகிதியள் இதைச் சாப்பிட்டிட்டு, புகை போட்ட மாதிரி இருக்கு, என்ன போட்டனீங்கள் எண்டு கேக்கிறவை.

இன்னுமொண்டு, ரம்பை (பாண்டன் இலை) கிடைச்சா அகிலா சொன்ன மாதிரி வெண்ணெயில போட்டு உருக்கிப் பாருங்கோ, அது இனிப்புப் பிஸ்கட்டுக்கு நல்லா வரும். ரம்பை இலையை மெல்லிய தீயில மட்டும் வையுங்கோ, கருகினால் வாசம் மாறிப்போயிடும்.

திருச்சி_கௌரி

ஐயோ இவ்ளோ பதில் வரும்னு நெனக்கவே இல்ல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பச்சைக் கற்பூரம் விஷயம் சொன்னதுக்கு ராஜி மாமிக்கு ஸ்பெஷல் நன்றி, நான் மாவுலயே போடுறதாத்தான் இருந்தேன், இப்ப அதை விட்டாச்சு. சாந்தி அக்கா, பனங்கிழங்கு மாவு இங்க கிடைக்குது, கண்டிப்பா பண்றேன்.

இன்னும் மூணு சந்தேகம். மோர்மிளகாயை எப்படிப் போடுறது, வறுத்தா பொரிச்சா? ஃபில்டர் காபிக்கு டிகாஷன் ஊத்தலாமா? அப்புறம் எல்லா வகையும் ஒரே டப்பால அடுக்கலாமா இல்ல தனித்தனியா வெக்கணுமா, கூரியர்ல சென்னைக்கும் ஒண்ணு அனுப்பணும்.

பழைய_பேக்கரிக்காரன்

டிகாஷன் வேணாம் தங்கச்சி, அதுவும் தண்ணிதான். கடையில நாங்க இன்ஸ்டன்ட் பொடியைத்தான் ஒரு ஸ்பூன் சூடான பால்ல கரைச்சு ஊத்துவோம், ஆனா உங்களுக்கு ஃபில்டர் மணம் வேணும்ல, அதுக்கு ரெண்டும் சேர்த்துப் போடுங்க. ஒரு டேபிள்ஸ்பூன் இன்ஸ்டன்ட் பொடி ருசிக்கு, ஒரு டீஸ்பூன் ஃபில்டர் காபித்தூள் மணத்துக்கு, அதை மட்டும் இன்னொரு தடவை மிக்ஸில நைசா ஓட்டிக்கோங்க, இல்லன்னா பல்லுல நறநறங்கும். சிக்கரி கலந்ததா இருந்தா இன்னும் நல்லது, அந்தக் கசப்பு வெண்ணெயோட சேரும்போது ஒரு கேரமல் ருசி குடுக்கும். உப்பு ஒரு சிட்டிகை மறக்காதீங்க.

டப்பா விஷயத்துல கண்டிப்பா இருங்க. பெருங்காயம் போட்டதையும் இனிப்பையும் ஒரே டப்பால வெச்சீங்கன்னா மறுநாள் நன்னாரி பிஸ்கட்ல வேப்பிலைக்கட்டி மணக்கும். வெண்ணெய் பக்கத்துல எது இருந்தாலும் அந்த வாசனையை இழுத்துக்கும். காரம் தனி, காபி தனி, மத்த இனிப்பு எல்லாம் ஒண்ணா வெக்கலாம். சூடு சுத்தமா ஆறினப்புறம்தான் மூடணும், கைக்கு வெதுவெதுன்னு இருந்தாலே உள்ள வேர்த்து நமுத்துடும். ஐப்பசி மழை நேரம் வேற, கருப்பட்டி பிஸ்கட் காத்துல இருக்கிற ஈரத்தை எல்லாம் குடிக்கும். நமுத்துப்போச்சுன்னா தூக்கிப் போடாதீங்க, 140 டிகிரில ஆறேழு நிமிஷம் வெச்சு எடுத்து ஆற விட்டா பழையபடி ஆயிடும். நல்லா மூடி வெச்சா ரெண்டு வாரம் தாராளமா நிக்கும், தேங்காய் போட்டதை மட்டும் ஒரு வாரத்துக்குள்ள முடிச்சுடுங்க. கூரியருக்கு பிஸ்கட்டைப் படுக்க வெக்காம வரிசையா நிக்க வெச்சு, இடுக்குல பட்டர் பேப்பரைக் கசக்கித் திணிச்சு அனுப்புங்க, ஆடாம இருந்தா உடையாது.

அடுப்பங்கரை_அகிலா

மோர்மிளகாயை எண்ணெய்ல கருக்காம பொரிச்சு, டிஷ்யூல எண்ணெயை ஒத்தி எடுத்துட்டு, காம்பைக் கிள்ளிட்டு கையாலயே கரகரன்னு நொறுக்குங்க, மிக்ஸில போட்டா தூளாகி எல்லா இடமும் ஒரே காரமா போயிடும். ஒரு பங்கு மாவுக்கு நடுத்தர அளவுல நாலு மிளகாய் போதும். மாவை ருசி பாத்துட்டு காரமே இல்லையேன்னு கூட ரெண்டு போடத் தோணும், கையைக் கட்டிக்கோங்க. மிளகாய்க் காரம் கொழுப்புல கரையுற சமாச்சாரம், வெண்ணெய்ல ஊறி மறுநாள்தான் முழுசா இறங்கும், அதுவும் வாயில போட்ட உடனே தெரியாது, முழுங்கினப்புறம் தொண்டைல வரும். மோர்மிளகாய்லயே உப்பு இருக்கிறதால மாவுல உப்பு கிடையாது, சர்க்கரைத் தூளை மட்டும் 25ஆ ஏத்திக்கோங்க. இதுக்கு தயிர் ரொம்ப முக்கியம், ரெண்டு நாள் புளிச்ச தயிரா ஒரு ஸ்பூன்.

சும்மா_சுரேஷ்

அதெல்லாம் இருக்கட்டும், இட்லிப்பொடி நல்லெண்ணெய் பிஸ்கட் யாரும் சொல்லவே இல்லையே? வெண்ணெய்க்கு பதிலா நல்லெண்ணெய் ஊத்தினா வராதா? சீரியஸாத்தான் கேக்கறேன்.

அடுப்பங்கரை_அகிலா

சுரேஷ், கடைசில நல்ல கேள்வி கேட்டீங்க. முழுக்க எண்ணெய்னா வெட்டுற பதம் வராது, மணல் மாதிரி உதிரும், சூட்டுல பரவவும் செய்யும். 100 கிராம்ல 75 வெண்ணெய், 25 நல்லெண்ணெய்னு போடுங்க, மணம் முழுசா வந்துடும். பொடி ரெண்டு டேபிள்ஸ்பூன், கொரகொரன்னு இருக்கிறதா. மேல எள்ளைத் தூவி அமுக்கி விடுங்க. உளுத்தம்பருப்பு ஏற்கனவே வறுத்ததுங்கிறதால மறுபடி ரொம்ப சிவக்க விட்டா கசந்துடும், 160லயே எடுங்க.

திருச்சி_கௌரி

சுரேஷ் சார், அதையும் லிஸ்ட்ல சேத்துட்டேன். மாமியார் இப்பதான் வந்து எட்டிப் பாத்தாங்க, இட்லிப்பொடி பிஸ்கட்னதும், அதை மட்டும் முதல்ல பண்ணு, நானே பொடி இடிச்சுத் தர்றேன், பூண்டு போட்டுடாதேன்னு சொல்லியாச்சு. அகிலா, பூண்டு இல்லாம பெருங்காயம் மட்டும் போட்ட பொடின்னா அளவு அதேதானா?

அடுப்பங்கரை_அகிலா

அதேதான். பெருங்காயம் கட்டியா இருந்தா பொரிச்சுப் பொடிக்கச் சொல்லுங்க, தூள் பெருங்காயம் போட்டா இன்னும் அரை ஸ்பூன் கூட.

ஸ்ரீரங்கத்து_ராஜி

எனக்கும் ஒரு டப்பா எடுத்து வைங்கோ கௌரி, வேப்பிலைக்கட்டி நான் தரேன், போன வாரம்தான் இடிச்சேன்.